தாண்டி வந்த தண்ணீர்

(கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றின் படிப்பகத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மீனைத் தேடும் எக்கோ கருவியைப் பற்றிப் பேச வேண்டும் என்று படிப்பக நண்பர்கள் கேட்டபோது, கருவியையே கொண்டுவந்து மேசையில் வைக்கலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம், கரும்பலகையும் சாக்பீசும் போதும் என்றேன். கருவி மேசையில் இருந்தால் எல்லோர் கண்ணும் பொத்தானுக்குப் போய்விடும். எந்தப் பொத்தான் எதற்கு என்பதைக் கடைக்காரரே பத்து நிமிடத்தில் சொல்லித் தந்துவிடுவார். திரையில் வரும் கோட்டைப் படிக்கத்தான் எனக்கு ஐந்தாறு வருடம் பிடித்தது. அந்த வருடங்களில் கொஞ்சத்தையாவது உங்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

பெட்டியில் ஃபிஷ் ஃபைண்டர் என்று அச்சடித்திருக்கிறார்கள். நாம் எக்கோ என்கிறோம். நம் பெயர்தான் சரி என்பது என் எண்ணம். அந்தக் கருவி ஒரு சத்தத்தைக் கீழே அனுப்புகிறது, திரும்பி வருவதைக் கேட்கிறது. வேறு வேலை அதற்குத் தெரியாது. கேட்டதைப் படமாக வரைந்து நம்மிடம் நீட்டுகிறது. படமாக வருவதால், கடலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் சறுக்கல் அங்கேதான்.

இது காதின் வேலை என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1826-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரி, இரவு நேரம். ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் மணி தொங்குகிறது. மணியை அடிக்கும் அதே நொடியில் படகின்மேல் வெடிமருந்து பற்றி எரியும்படி ஏற்பாடு. 13 கிலோமீட்டருக்கும் அப்பால் இன்னொரு படகு. அதில் கொலாடோன் என்ற இளைஞர் நீளமான குழாயைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் கடிகாரத்தை ஓடவிட்டார். மணியோசை காதில் விழுந்ததும் நிறுத்தினார். அவரும் ஸ்டுர்ம் என்ற கணித அறிஞரும் கண்ட கணக்கு, அந்த ஏரியில் சத்தம் நொடிக்கு 1,435 மீட்டர் போகிறது என்பது. காற்றில் போவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். உப்பும் வெதுவெதுப்பும் உள்ள நம் கடலில் இன்னும் விரைவு, ஏறக்குறைய 1,540. கருவிகள் பொதுவாக 1,500 என்று வைத்துக்கொள்கின்றன. நம் வேலைக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

1912-இல் டைட்டானிக் மூழ்கியது. பனிப்பாறையைத் தூரத்திலேயே அறிய வழி உண்டா என்று தேடியவர்களில் ஜெர்மனியின் அலெக்சாண்டர் பேம் ஒருவர். அவர் தேடியது கிடைக்கவில்லை. எதிரொலியை வைத்து ஆழம் அளக்கும் முறை கிடைத்தது. 1913-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் வள்ளத்தின் பின்பலகையில் கை அகலத்துக்கு, சத்தத்தை அனுப்பித் திரும்புவதைக் கேட்கும் ஒரு டிரான்ஸ்டியூசர் மாட்டியிருக்கிறோமே, அதன் வம்சம் அங்கிருந்து வருகிறது.

இப்போது கரும்பலகைக்கு வருவோம். ஒரு செவ்வகம் போடுகிறேன். இதுதான் திரை. உங்களில் ஒருவர் சொல்லுங்கள், இதில் வள்ளம் எங்கே இருக்கிறது? நடுவிலா? அந்தத் தம்பி நடுவில் என்கிறார். நானும் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்தேன். வள்ளம் இருப்பது வலது ஓரத்தில், அந்தக் கடைசிக் கோட்டில் மட்டும். இந்த நொடி உங்கள் காலுக்கு அடியில் இருப்பது அந்த ஒற்றைக் கோடுதான். அதற்கு இடப்பக்கம் உள்ளதெல்லாம் நீங்கள் தாண்டி வந்த தண்ணீர். முந்தைய நொடி கேட்டது, அதற்கு முந்தைய நொடி கேட்டது என்று வரிசையாக இடப்பக்கம் நகர்ந்து போகிறது.

அதனால் கிடைமட்டமாக ஓடுவது நேரம். தூரம் என்று எண்ணிவிடக்கூடாது. நங்கூரம் போட்டு நின்றாலும் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரே அடித்தரையை ஆயிரம் தடவை கேட்டு ஆயிரம் தடவை வரையும். அடித்தரை நேர்கோடாகத் தெரியும். மேடு பள்ளமே இல்லாத இடம் என்று தோன்றும். அந்த நேரத்தில் வள்ளத்துக்கு நேர்கீழே ஒரு மீன் அசையாமல் நின்றால், திரையில் பாம்புபோல் நீண்ட கோடு விழும். அது ஒரே மீன்தான்.

ஒரு சின்னக் கணக்கு. வள்ளம் 5 நாட் வேகத்தில் போகிறது. நொடிக்கு இரண்டரை மீட்டர் என்று வையுங்கள். திரையின் அகலம் இரண்டு நிமிட நேரத்தைக் காட்டுகிறது. நீங்கள் வலையைச் சரிசெய்துகொண்டிருந்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறீர்கள். திரையின் நடுவில் நல்ல சிவப்பாக ஒரு குவியல். அது இருந்த இடம் உங்களுக்கு 150 மீட்டர் பின்னால். பார்த்த உடனே நிறுத்தி அங்கேயே வலையை இறக்கினால் வெறுந்தண்ணீரில் இறக்குகிறீர்கள். அதற்குள் நீவாடு, அதாவது நீரோட்டம், வள்ளத்தை எந்தப் பக்கம் தள்ளியது, மீன் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது வேறு. எங்கள் வள்ளத்தில் இந்தத் தப்பைச் செய்து செய்து, கருவியில் மீன் தெரியும், வலையில் வராது என்று ஒரு சொல்லே உண்டாகிவிட்டது. கருவி சரியாகத்தான் சொன்னது. அது நேற்றைப் பற்றிச் சொன்னதை நாங்கள் இன்று என்று கேட்டோம்.

அடுத்தது அடித்தரை. எக்கோ வாங்கிய புதிதில் எல்லோரும் மீனையே தேடுவார்கள். முதல் மூன்று மாதம் மீனைப் பார்க்காதீர்கள், தரையை மட்டும் பாருங்கள் என்பேன். தரையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மீன் தானாகக் கிடைக்கும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் என் பெரியப்பா. கட்டுமரத்தில் ஈயக்குண்டு இறக்கி ஆழம் பார்த்தே வளர்ந்தவர். கயிற்றைப் பாகம் பாகமாக, இரண்டு கையையும் விரித்து அளந்து விடுவார். ஈயத்தின் அடியில் சிறு குழி இருக்கும். அதில் சோப்பைத் திணித்து இறக்குவார். மேலே வரும்போது சோப்பில் மணல் ஒட்டியிருந்தால் மணல், கருஞ்சேறு ஒட்டியிருந்தால் சேறு. ஒன்றும் ஒட்டாமல் சோப்பில் பள்ளம் மட்டும் விழுந்திருந்தால் அது பார், கடலடிப் பாறை. அந்த அடியின் அதிர்வு கயிறு வழியாகவே கைக்கு வந்துவிடும் என்பார்.

நான் கருவி மாட்டிய முதல் மாதம். கச்சான் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. திரையில் அடித்தரை பல் பல்லாக, மேடும் பள்ளமுமாக வந்தது. பெரியப்பா, இங்கே பெரிய பார் கிடக்கிறது என்று கத்தினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. வள்ளம் ஏறி இறங்குவதைப் பார்த்தார். “ஈயத்தைப் போடு மக்கா” என்றார். இறக்கினேன். சோப்பு முழுக்கச் சேறு. அலையில் வள்ளம் ஏறும்போது தரை தூரமாகிறது, இறங்கும்போது கிட்டே வருகிறது. கருவி அந்த ஏற்ற இறக்கத்தைத் தரையின்மேல் எழுதிவிட்டது. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் பல் வந்தால் அது அலை. பார் அப்படி ஒழுங்காக வராது. திடீரென்று எழும், ஒரு பக்கம் சரியும், நடுவில் பிளவு விடும்.

சேற்றையும் பாரையும் பிரித்தறிய இன்னொரு நல்ல வழி உண்டு. என் கருத்தில் இந்தக் கருவியின் மிகப் பெரிய கொடை அதுதான். தரை சேறாக இருந்தால் சத்தத்தைக் குடித்துவிடும். மங்கலான கோடு திரும்பும். பாறையாக இருந்தால் சத்தம் பலமாக மேலே வரும், தண்ணீரின் மேற்பரப்பில் பட்டு மறுபடி கீழே போகும், பாறையில் மோதி இரண்டாம் தடவையும் திரும்பும். 20 மீட்டரில் தரை இருந்தால், திரையில் 40 மீட்டரில் இன்னொரு தரை மங்கலாகத் தெரியும். அப்படி ஒரு தரை உண்மையில் இல்லை. அந்த இரண்டாம் எதிரொலி தெளிவாக வந்தால் கீழே கடினத் தரை என்று அர்த்தம். ஆனால் நம்மில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. காரணம், கருவியை ஆட்டோவில் விட்டிருக்கிறோம். ஆட்டோ, தரையைத் திரையின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். இரண்டாம் எதிரொலி திரைக்கு வெளியே போய்விடும். ஆழ அளவைக் கையால் இரண்டு மடங்குக்கு மேல் வையுங்கள். 20 மீட்டர் தண்ணீரில் 50 என்று வையுங்கள். இரண்டு நாள் அப்படி ஓட்டிப் பாருங்கள், நாம் பிறந்து வளர்ந்த கடலின் அடியை முதல் தடவையாகத் தொட்டதுபோல் இருக்கும்.

இனி மீன்.

மீனின் உடம்பு பெரும்பாலும் தண்ணீர் போன்றதே. சத்தம் அதில் பெரிதாக மோதித் திரும்புவதில்லை. திரும்ப வைப்பது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. கூறல் மீனை அறுத்தால் எடுத்துப் பத்திரமாகக் காயவைத்து நல்ல விலைக்குக் கொடுக்கிறோமே, அதேதான். கத்தாழை மீன் உறுமுவது அந்தப் பையை அதிரவைத்துத்தான். நாம் அனுப்பும் சத்தம் கருவிக்குத் திரும்பக் கேட்பதும் அந்தப் பையிலிருந்துதான். சாளையும் நெத்தோலியும் கூட்டமாக நின்றால் திரை சிவக்கும். சுறா, திருக்கை, கணவாய் இவற்றுக்குக் காற்றுப்பையே கிடையாது. சூரையிலும் சில வகைக்கு இல்லை. ஆள் உயரச் சுறா ஒன்று நீலநிறத்தில் ஒரு கீற்றாகப் போய்விடும். கைப்பிடி அளவு மீன்களின் கூட்டம் செக்கச்செவேல் என்று நிற்கும். சிவப்பு என்றால் பெரிய மீன் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். சிவப்பு என்பது பலமான எதிரொலி, அவ்வளவே.

எல்லோரும் பேசுகிற அந்த வளைவு, கவிழ்த்த பிறைபோல் விழுகிறதே, அது மீனின் முதுகு என்று நம்புகிற தம்பிமார் இருக்கிறார்கள். கரும்பலகையில் பாருங்கள். டிரான்ஸ்டியூசரிலிருந்து சத்தம் ஒரு கூம்பாக விரிந்து கீழே போகிறது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது சாய்வான தூரத்தில் இருக்கிறது. வள்ளம் நேர்மேலே வரும்போது தூரம் குறைகிறது. தாண்டியதும் மறுபடி கூடுகிறது. கருவிக்குத் தூரம் மட்டுமே தெரியும். தூரம் கூடினால் கீழே வரையும், குறைந்தால் மேலே வரையும். அதனால் வளைவு. 50 கிலோஹெர்ட்ஸ் சத்தத்துக்குக் கூம்பு அகலம், 45 பாகை என்று வைப்போம். 20 மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீன், கூம்பின் ஓரத்தில் 21.6 மீட்டரில் இருப்பதாகத் தெரியும். வளைவின் உயரம் ஒன்றரை மீட்டருக்குமேல் வந்துவிடும். 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பு ஒடுங்கி 12 பாகை ஆனால், அதே மீனின் வளைவு உயரம் வெறும் 11 சென்டிமீட்டர். திரையில் தட்டையான கீற்று. மீன் ஒன்று, ஆழம் ஒன்று. வள்ளம் மெதுவாகப் போனால் வளைவு நீளும், வேகமாகப் போனால் சுருங்கும். வளைவின் நீளத்தைப் பார்த்து மீனின் நீளத்தைச் சொல்ல முடியாது. அது எவ்வளவு நேரம் கூம்புக்குள் நின்றது என்பதைத்தான் சொல்ல முடியும்.

கூம்பைப் பற்றி இன்னொன்று. ஆழம் கூடக்கூட வட்டம் விரியும். 45 பாகைக் கூம்பு 30 மீட்டர் ஆழத்தில் 25 மீட்டர் அகலத்துக்குக் கேட்கும். அந்த வட்டத்துக்குள் எங்கே மீன் இருந்தாலும் ஒரே கோட்டில்தான் விழும். வலப்பக்கமா இடப்பக்கமா என்று சாதாரணக் கருவி சொல்லாது. ஒரே இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை கடந்து பார்த்தால் மட்டுமே பிடிபடும்.

இப்போது நான் கெஞ்சிக் கேட்கிற ஒரு விஷயம். கருவியில் மீன் சின்னம் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. சின்ன மீன், பெரிய மீன் என்று பொம்மை பொம்மையாக வரும், பக்கத்தில் ஆழமும் எழுதும். தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். வந்த எதிரொலியைக் கருவியே மீன் என்று முடிவுகட்டிப் பொம்மை போடுகிறது. குமிழிக்கும் போடும், சொறிமீன் கூட்டத்துக்கும் போடும், மிதக்கும் குப்பைக்கும் போடும். பொம்மையை மட்டும் பார்த்துப் பழகியவன் பத்து வருடம் கடலுக்குப் போனாலும் படிக்கக் கற்கமாட்டான். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் விடையைப் பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பக்கத்துப் பையனுக்கும் விடை தெரியாது என்பதுதான் இதில் கூடுதல் கஷ்டம்.

எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினையும் உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். இங்கிருக்கும் பெரியவர்கள் இலங்கை வானொலி பிடித்த தலைமுறை. திருகைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். குறைத்தால் பாட்டும் போய்விடும். இரைச்சல் எழும்புகிற இடம்வரை போய் ஒரு நூல் பின்வாங்கினால் பாட்டு தெளியும். இதுவும் அப்படியே. திரை முழுக்கப் புள்ளி தூவும்வரை கெயினைக் கூட்டுங்கள், பிறகு புள்ளிகள் ஏறக்குறைய மறையும்வரை குறையுங்கள். ஆழம் மாறும்போதெல்லாம் திருப்பிச் செய்ய வேண்டும். பக்கத்தில் இன்னொரு வள்ளத்தின் எக்கோ அதே அலைவரிசையில் ஓடினால் சாய்வான புள்ளிக்கோடுகள் வரும். நம் எஞ்சின் வேகம் எடுக்கும்போது குமிழி டிரான்ஸ்டியூசரை மூடித் தரையே அறுந்துபோகும். இவை இரண்டும் கடலில் இல்லாதவை. ஒருமுறை பார்த்துப் பழகினால் போதும்.

ஆனால் திரையில் மங்கலாகத் தெரிவதை எல்லாம் இரைச்சல் என்று தள்ளிவிடவும் கூடாது. 1942-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஒலி ஆராய்ச்சி நடந்தது. ஆழ்கடலில், சுமார் 300 மீட்டர் கீழே, தரைபோல் ஓர் அடுக்கு திரும்பத் திரும்ப வந்தது. அடித்தரையோ அதற்கும் மிகக் கீழே இருந்தது. 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்ற உயிரியல் அறிஞர், அது உயிருள்ளதாக இருந்தால் இருட்டியதும் மேலே வர வேண்டும் என்று எண்ணி, இரவும் பகலும் கப்பலில் இருந்து கவனித்தார். பொழுது சாய்ந்ததும் அந்தத் ‘தரை’ எழும்பத் தொடங்கியது. விடிந்ததும் மறுபடி இறங்கியது. சின்ன மீன்களும் இறால் போன்ற உயிர்களும் சேர்ந்த கூட்டம், ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வள்ளத்துத் திரையிலும் அந்தி மயங்கும்போது நீலப் புகைபோல் ஒன்று கீழிருந்து எழும். அதைக் கெயினைக் குறைத்து அழித்துவிடுகிறோம். அழிக்காதீர்கள். அது இரை. இரை எழும்பும்போது அதன் அடியிலும் ஓரத்திலும் என்ன வருகிறது என்று பார்த்திருங்கள்.

மீனைத் தேடவென்றே இந்தக் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் ஒரு கடற்கரை ஊரில்தான். ஜப்பானின் நாகசாகி மாவட்டத்தில் ஃபுருனோ சகோதரர்கள் படகுகளுக்கு மின்விளக்கு மாட்டும் தொழில் செய்துவந்தார்கள். மீன் கூட்டம் உள்ள இடத்தில் குமிழி எழும் என்று மீனவர்கள் பேசியதிலிருந்து, குமிழி சத்தத்தைத் திருப்பும், ஆகவே மீனைக் கேட்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1948-இல் கருவி வெளிவந்தது. அதற்கு முன்பே 1935-இல் நார்வேயின் ஆஸ்கார் சுண்ட், காட் மீன் கூட்டத்தின் எதிரொலிப் படத்தை வெளியிட்டிருந்தார். நான் ஃபுருனோ கதையை அடிக்கடி சொல்வதற்குக் காரணம், அதில் தொடக்கப் புள்ளி மீனவர் வாயிலிருந்து வந்த சொல்.

நம் பெரியவர்களிடமும் அப்படி ஒரு சொல் இருக்கிறது, கணியம். கடலில் நின்று பார்த்தால் மாதா கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் மருந்துவாழ்மலை முகடும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளம் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார். ஜி.பி.எஸ். வந்தபின் இதை இளையவர்கள் கற்பதில்லை. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். கணியம் பிடித்துப் பாருக்குப் போய், எக்கோவில் அது எப்படி வருகிறது என்று பார்த்து, நோட்டில் வரைந்துகொள்வேன். தெரிந்த இடத்தில் படித்துப் பழகினால்தான் தெரியாத இடத்தில் வாசிக்க முடியும். எழுத்துக் கூட்டிப் படித்த நாளில் நாம் முதலில் வாசித்தது நம் பெயரைத்தானே.

கருவிக்கு எட்டாத இடமும் உண்டு. செங்குத்தான பாரின் மேல் போகும்போது, கூம்புக்குள் எது கிட்டே இருக்கிறதோ அதன் எதிரொலி முதலில் வந்துவிடும். பாரின் உச்சி பேசியபிறகு, அதன் விலாவில் ஒட்டி நிற்கும் மீனின் சத்தம் பாறையின் சத்தத்தோடு கலந்துபோகும். பொந்துக்குள் கிடக்கும் களவாய் மீன் திரையில் வரவே வராது.

நோட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பெரியப்பாவோடு கடைசியாகப் போன வருடத்தில் எழுதிய ஒரு பக்கத்தை அப்படியே வாசிக்கிறேன். ‘கோபுரமும் முகடும் சேர்ந்த இடம். 22 பாகம். இரண்டாம் எதிரொலி நல்ல தெளிவு. உச்சி 17 பாகம், கிழக்கே செங்குத்து. மூன்று தடவை கடந்தோம், திரையில் ஒரு கீற்றும் இல்லை. கிளம்பலாம் என்றேன். கிழக்கு ஓரத்தில் தூண்டில் போடு என்றார் பெரியப்பா. களவாய் நான்கு.’

சாக்பீஸ் இங்கே இருக்கிறது. நேற்று இரவு உங்கள் திரையில் விழுந்து, என்னவென்று புரியாமல் விட்ட கோடு ஏதாவது இருந்தால் வந்து வரையுங்கள். சேர்ந்து பார்ப்போம்.